ஜைனச் சட்டம் தொகுத்த பாரிஸ்டர் சம்பத் ராய்

பாரிஸ்டர் சம்பத் ராய் ஜைன் 1867-ஆம் ஆண்டு தில்லியில் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்த அவரை உறவினராகிய செல்வர் ஒருவர் தத்தெடுத்து வளர்த்தார். 1892-இல் சட்டம் பயில இங்கிலாந்து சென்றவர், 1897-இல் பாரிஸ்டராகத் திரும்பி, ஹர்தோய் நகரில் வழக்குரைஞராக விளங்கினார்.

அக்காலத்து நீதிமன்றங்கள் ஜைனர்க்கும் இந்துச் சட்டத்தையே பொருத்தின. தமக்கென வேறு வழக்காறு உண்டு என்போர் அதனைச் சான்று காட்டி மெய்ப்பித்தல் வேண்டும். மகப்பேறின்றிக் கணவனை இழந்த பெண், அவனது முன் அனுமதியின்றியே தத்தெடுக்கலாம் என்பது ஜைனரிடையே நிலவிய வழக்காறு. இலண்டன் பிரிவி கவுன்சில் 1878-இல் அதனை ஏற்றது. ஆயினும் ஊருக்கு ஊர் வழக்காறு வேறுபடும் என்று வாதிட இடமிருந்தமையால், சான்று தேடும் சுமை முற்றும் நீங்கவில்லை. வாழ்வுரிமைக்காக நீதிமன்றப் படியேறிய கைம்பெண்களுக்கு அது எளிய சுமையன்று.

1919-இல் ஹரி சிங் கவுர் வெளியிட்ட இந்துச் சட்டத் தொகுப்பு, ஜைனரை இந்து சமயத்தினின்று பிரிந்தோராகவே கருதியது. சம்பத் ராய் மறுப்புரைப்பதோடு அமையவில்லை. பத்திரபாகு சம்ஹிதை, அர்ஹந்நீதி, வர்த்தமான நீதி முதலிய நூல்களை ஆராய்ந்து, தத்து, பாகப்பிரிவினை, மரபுரிமை, பெண்டிர் சொத்து ஆகியன பற்றிய விதிகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு 1926-இல் ஜைனச் சட்டம் என்னும் பெயரில் ஆங்கில நூலாகச் சென்னையில் வெளிவந்தது.

மறு ஆண்டே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, ஜைனம் தொன்மை வாய்ந்த தனிச் சமயம் என்பதை ஆராய்ச்சி காட்டுகிறது என ஒரு தீர்ப்பில் எழுதினார். எனினும், முந்தைய தீர்ப்புகளின் நீண்ட தொடர் அவரைக் கட்டுப்படுத்தியது. வரலாறு பற்றிய அறிவு மாறியது; சட்டம் உடனே மாறவில்லை.

1942-இல் சம்பத் ராய் மறைந்தார். விடுதலைக்குப் பின், 1955, 1956-ஆம் ஆண்டுகளில் இயற்றப்பெற்ற இந்துச் சட்டங்கள் ஜைனரையும் உள்ளடக்கின. தனிச் சட்டம் வேண்டும் என்னும் அவரது விருப்பம் நிறைவேறவில்லை. ஆனால், ஜைனக் கைம்பெண் வழக்காற்றால் பெற்றிருந்த தத்தெடுக்கும் உரிமையை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துப் பெண்டிர்க்கும் வழங்கியது. ஒரு சிறு சமூகம் அறமெனப் பேணிய வழக்கம், காலம் கனிந்தபோது பொதுச் சட்டமாயிற்று.

எழுதி வைக்கப்படாத வழக்காறு நீதிமன்றத்தில் எளிதில் தோற்கும். நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் உள்ள பழைய ஆவணங்களைப் போற்றிக் காப்பதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.