சாங்கிக் கடலில் பிடிபட்ட கப்பலும் 21 வயது வழக்கறிஞரும்

கடல்சார் சட்டத்தில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன் என்று சொன்னால், நான் கப்பலில் வேலைக்குப் போகப் போவதாகவே உறவினர்கள் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் என் நாள்கள் காகிதங்களோடுதான் கழிகின்றன. கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் பில் ஆஃப் லேடிங், கடல் காப்புறுதி, கப்பல்கள் மோதினால் யார் பொறுப்பு, பணம் தராத கப்பலை நீதிமன்றம் எப்படித் தடுத்து வைக்கலாம் என்று பாடங்கள் விரிகின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. கடல் யாருக்குச் சொந்தம்?

அந்தக் கேள்வியைத் தொட்டவுடன் எங்கள் பாடநூல்களில் வந்து நிற்கும் பெயர் ஹியூகோ குரோஷியஸ். ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டச்சு அறிஞர். அனைத்துலகச் சட்டத்தின் தந்தை என்று பலர் அவரைப் போற்றுகிறார்கள். அவர் ஆசியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால், அவரைக் கடல் சட்டத்துக்கு இழுத்து வந்த வழக்கு, நம் சாங்கிக்குப் பக்கத்தில் பிடிபட்ட ஒரு கப்பலைப் பற்றியது. கடல்சார் சட்டம், கப்பல் வணிகம் ஆகிய துறைகளுக்கு வர நினைக்கும் மாணவர்கள் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. அதில் பெருமைப்பட வேண்டியதும் உண்டு, யோசிக்க வேண்டியதும் உண்டு.

சிறு வயதிலேயே வழக்கறிஞர்

குரோஷியஸ் 1583ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். அப்போது டச்சுக்காரர்கள் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். தந்தை கல்விமான், நகரப் பிரமுகர். மகனின் அறிவுக்கூர்மையைக் கண்டு 11 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டார்.

15 வயதில், டச்சு அரசியலின் பெருந்தலைவரான ஓல்டன்பார்னவெல்ட் தலைமையில் பிரான்சுக்குச் சென்ற தூதுக்குழுவில் குரோஷியஸும் இடம்பெற்றார். அந்தப் பயணத்திலேயே ஓர்லியான் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு தி ஹேக் நகரில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். நம் கணக்கில் அது படிவம் 4 வயது!

இப்படிப்பட்ட மேதைகள் அந்தக் காலத்து ஐரோப்பாவில் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களில் பலரை இன்று யாருக்கும் தெரியாது. குரோஷியஸின் பெயர் நிலைத்ததற்கு அவர் கையில் எடுத்த வழக்கே காரணம்.

சாந்தா கத்தரினா

1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி. ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி, இன்றைய சிங்கப்பூரின் கிழக்குக் கரையோரம் சாந்தா கத்தரினா என்ற பெரிய போர்த்துகீசியக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. மக்காவிலிருந்து மலாக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த அந்தக் கப்பல் முழுவதும் சீனப் பட்டும் பீங்கானும் மற்ற விலையுயர்ந்த சரக்கும் இருந்தன. ஜேக்கப் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தளபதி அதைத் தாக்கினார். ஜொகூர் அரசு அவருக்குத் துணை நின்றது. 1511இல் மலாக்காவைப் பறிகொடுத்த அரச வம்சத்தின் வழிவந்தவர்கள்தாம் ஜொகூர் சுல்தான்கள். அவர்களுக்கும் போர்த்துகீசியர்களுக்கும் பழைய பகை இருந்தது. ஒரு நாள் சண்டைக்குப் பின் கப்பல் சரணடைந்தது.

சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டது. கிடைத்த தொகை சுமார் 3.5 மில்லியன் கில்டர். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் மொத்த மூலதனமே ஏறக்குறைய 6.4 மில்லியன் கில்டர்தான். ஒரே கப்பலில் அதில் பாதிக்கும் மேல்!

பணம் வந்துவிட்டது, சங்கடமும் கூடவே வந்தது. ஹீம்ஸ்கெர்க் வணிகம் செய்யப் போனவர். அவர் இன்னொரு நாட்டுக் கப்பலைப் பிடித்தது போர்ச் செயலா, கடற்கொள்ளையா? 1604இல் ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம், பிடித்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் சிலரை அது அமைதிப்படுத்தவில்லை. போரே பாவம் என்று நம்பிய சமயப் பிரிவினரும் அவர்களில் இருந்தார்கள். வன்முறையால் வந்த லாபம் எங்களுக்கு வேண்டாம் என்பது அவர்கள் நிலை. எனவே தன் செயல் நியாயமானது என்று உலகத்துக்கு எடுத்துச்சொல்ல நிறுவனத்துக்கு ஒரு நல்ல பேனா தேவைப்பட்டது. அது 21 வயது குரோஷியஸைத் தேடி வந்தது.

கட்டற்ற கடல்

கட்சிக்காரர் கேட்டது ஒரு விளக்கம். குரோஷியஸ் எழுதியதோ லத்தீன் மொழியில் ஒரு தடித்த நூல். அதன் மையத்தில் இருந்த வாதம் எளிமையானது. நிலத்தை வேலி போட்டு வைத்துக்கொள்ளலாம், கடலை அப்படி யாரும் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு கப்பல் போன வழியில் இன்னொரு கப்பல் போவதால் கடல் குறைந்துவிடாது. ஆகவே கடல் வழி எல்லா நாட்டுக்கும் பொது. கிழக்கே செல்லும் வழி தமக்கே உரியது என்று போர்த்துகீசியர்கள் சொல்வதற்கு, முதலில் கண்டுபிடித்தோம் என்பதும் போப்பாண்டவர் கொடுத்தார் என்பதும் ஆதாரமாகா. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் போப்பாண்டவரே ஆனாலும் எப்படிக் கொடுக்க முடியும்?

நான் படித்தபோது என்னை நிறுத்திய வாதம் இன்னொன்று. ஜொகூர் தன்னாட்சி பெற்ற அரசு என்றும், அதன் மன்னர் தாம் விரும்பியவரோடு வணிகம் செய்யலாம் என்றும் குரோஷியஸ் வாதிட்டார். ஜாவா, இலங்கை, மொலுக்கஸ் தீவுகள் ஆகியவற்றுக்கும் சொந்த மன்னர்களும் சட்டங்களும் உண்டு, அவற்றைக் கண்டுபிடித்தோம் என்று ஐரோப்பியர் உரிமை கோர முடியாது என்றார். 1604ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் ஐரோப்பியர் ஆசிய அரசுகளைச் சட்டத்தின் முன் சமமாக வைத்துப் பேசியது சிறிய செய்தியன்று.

அந்தத் தடித்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. ஸ்பெயினுடன் டச்சுக்காரர்கள் போர்நிறுத்தம் பேசிய நேரத்தில், 1609இல், அதிலிருந்து ஓர் அத்தியாயம் மட்டும் ஆசிரியர் பெயரில்லாமல் சிறு நூலாக வெளிவந்தது. அதுதான் புகழ்பெற்ற மாரே லிபெரும். கட்டற்ற கடல் என்று பொருள். மூல நூலின் கையெழுத்துப்படி 1864இல்தான் கண்டெடுக்கப்பட்டது. இரண்டரை நூற்றாண்டு காலம் உலகம் ஒரு தத்துவமாகப் படித்த நூல், ஒரு கப்பல் வழக்குக்காக எழுதப்பட்டதன் பகுதி என்பது அதற்குப் பிறகே தெளிவானது.

திரும்பி வந்த வாதம்

1613இல் குரோஷியஸ் ஒரு பேச்சுவார்த்தைக் குழுவில் லண்டன் சென்றார். வாசனைப் பொருள் விளையும் மொலுக்கஸ் தீவுகளில் ஆங்கிலேயக் கப்பல்களை டச்சுக்காரர்கள் தடுத்து வந்தார்கள். கடல் எல்லாருக்கும் பொது என்றால் எங்களை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள் என்று ஆங்கிலேயர்கள் மாரே லிபெருமையே எடுத்து வீசினார்கள். எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கடல் பொதுதான், ஆனால் விளைச்சலை எங்களுக்கு மட்டுமே விற்பதாகத் தீவு மக்கள் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள், ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது குரோஷியஸ் தரப்பின் பதில்.

ஒப்பந்தம் மதிக்கப்பட வேண்டும் என்பது வணிகச் சட்டத்தின் உயிர். ஆனால் பீரங்கி நிழலில் வாங்கிய ஒப்பந்தங்களும் அவற்றில் இருந்தன. 1621இல் அதே நிறுவனம் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளைக் கைப்பற்றியது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அடிமையாக்கப்பட்டார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். குரோஷியஸ் அதைச் செய்தவரல்லர். ஆனாலும் சுதந்திரத்தின் பெயரால் அவர் காப்பாற்றிய கட்சிக்காரர், பிறகு மற்றவர்களின் சுதந்திரத்தைப் பறித்தார் என்பதை மறைக்க முடியாது. எங்கள் வகுப்பில் அதிகம் சூடேறிய விவாதம் இதுதான். வாதம் நல்லதாக இருந்தால் போதுமா, அதை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? எனக்கு இரண்டும் வேண்டும் என்றே தோன்றுகிறது.

புத்தகப் பெட்டியும் புயலும்

சொந்த நாட்டிலேயே குரோஷியஸ் சிக்கலில் மாட்டினார். சமயச் சர்ச்சை அரசியல் மோதலாக வெடித்தபோது, 1618இல் அவரும் ஓல்டன்பார்னவெல்ட்டும் கைதானார்கள். மறு ஆண்டு மே மாதம் அந்த முதியவரின் தலை வெட்டப்பட்டது. குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. லூவஸ்டைன் கோட்டையில் அடைத்தார்கள்.

படிக்கப் புத்தகங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து போயின. காவலர்கள் நாளடைவில் பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இதைக் கவனித்தவர் அவருடைய மனைவி மரியா. 1621 மார்ச் 22ஆம் தேதி கணவரைப் பெட்டிக்குள் படுக்க வைத்து அனுப்பிவிட்டு, தாம் சிறையில் தங்கினார். எல்சே என்ற பணிப்பெண் பெட்டியோடு சென்று அதைப் பத்திரமாகச் சேர்த்தார். குரோஷியஸ் கொத்தனார் வேடத்தில் தப்பிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. ஹாலந்து நாட்டின் சட்டத்துக்கு டச்சு மொழியிலேயே ஓர் அறிமுக நூல் எழுதினார். டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் ரோமன் டச்சுச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், அந்த நூலுக்கு அங்கே இன்னும் மதிப்பு உண்டு. 1625இல் பாரிஸில் வெளியான போர், அமைதி பற்றிய சட்ட நூல் அவரை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது. இந்த முறை அவர் எந்த நிறுவனத்துக்காகவும் எழுதவில்லை. போர் மூண்டாலும் சட்டம் வாய் மூடக்கூடாது என்பதே நூலின் அடிப்படை.

பிறகு பத்து ஆண்டுகள் பாரிஸில் ஸ்வீடனின் தூதராக இருந்தார். 1645இல் ஸ்வீடன் சென்று திரும்பும் வழியில் அவருடைய கப்பல் பால்டிக் கடற்புயலில் சிக்கிக் கரை ஒதுங்கியது. உடல் நலிந்த நிலையில் ரோஸ்டாக் நகரை அடைந்து, ஆகஸ்ட் 28ஆம் தேதி காலமானார். வயது 62.

இன்று நமக்கு

கடல் முழுக்கப் பொது என்ற அவர் வாதம் அப்படியே நிலைக்கவில்லை. கரையோரக் கடல் அந்தந்த நாட்டுக்கு உரியது என்று வாதிட்டவர்களும் பாதி வென்றார்கள். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தத்தில் இரு தரப்பு வாதமும் உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சி எல்லை. 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் போன்ற வளங்களுக்கான உரிமை. அதற்கப்பால் கட்டற்ற கடல். மலாக்கா நீரிணை போன்ற அனைத்துலக நீரிணைகளில் கப்பல்கள் தடையின்றிக் கடந்து செல்லும் உரிமையும் அதில் உறுதியானது. அந்த மாநாட்டின் நிறைவுக் கட்டத்தில் தலைமை வகித்தவர் சிங்கப்பூரின் டாமி கோ.

பெட்ரா பிராங்கா வழக்கில் 2008 மே 23ஆம் தேதி அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது நினைவிருக்கலாம். மலேசியாவில் பத்து பூத்தே என்று அழைக்கப்படும் அந்தத் தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கும் உரியவை என்று முடிவானது. அந்தத் தீர்ப்பில், 17ஆம் நூற்றாண்டின் ஜொகூர் தன்னாட்சி அரசு என்பதற்கு நீதிமன்றம் காட்டிய சான்றுகளில் ஒன்று குரோஷியஸின் எழுத்து. ஒரு கட்சிக்காரருக்காக இளைஞர் ஒருவர் எழுதிய வரி, 400 ஆண்டு கழித்து அவர் நினைத்தே பார்த்திராத இரு நாடுகளின் வழக்கில் சாட்சி சொன்னது.

இந்தத் துறையில் மேற்படிப்புக்குச் சட்டப் பட்டதாரிகள் மட்டும் வரவேண்டும் என்றில்லை. வணிகம், பொறியியல் படித்தவர்களுக்கும் கடலில் பணியாற்றியவர்களுக்கும் கப்பல் வணிகம் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. உலகின் பரபரப்பான கடல் வழிகளில் ஒன்று நம் வாசலில் இருக்கும்போது, அதன் சட்டத்தை அடுத்தவர் வந்து நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படிக்க வருகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு வாதத்தை எழுதி முடித்ததும், நாளை அதையே எதிர்த்தரப்பு கையில் எடுத்தால் நாம் ஏற்றுக்கொள்வோமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். லண்டனில் அந்தக் கேள்வி வந்தபோது குரோஷியஸுக்கு வயது 30. நமக்கு அது முதல் ஆண்டிலேயே வந்துவிடுவது நல்லது.