ஏக்கம் பண்ணான கதை: ஆஸ்திரியாவின் மார்கரெட்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரசவைகளில் இசை பொழுதுபோக்காக மட்டும் விளங்கவில்லை. வழிபாட்டிற்கும் விருந்திற்கும் மணவினைக்கும் இறுதிச் சடங்கிற்கும் இசை வேண்டியிருந்தது. மன்னரின் செல்வமும் செல்வாக்கும் அவர்தம் இசைக்குழுவின் சிறப்பால் அளக்கப்பெற்றன. இவ்வாறு அரசின் பெருமைக்காக வளர்க்கப்பெற்ற கலை, ஓர் அரசமகளின் தனித் துயரையும் ஏந்தி நின்றதற்குச் சான்றாக ஓர் ஏடு உள்ளது. பிரசல்ஸ் அரச நூலகத்தில் 228 என்னும் எண்ணுடன் காக்கப்பெற்றுவரும் அவ்விசைச்சுவடி, ஆஸ்திரியாவின் மார்கரெட் அம்மையாருக்கு உரியதாகும்.

மார்கரெட் 1480 சனவரி 10ஆம் நாள் பிரசல்சில் பிறந்தார். தந்தை ஆப்ஸ்பர்க் குலத்து மாக்சிமிலியன். தாய் பர்கண்டி நாட்டின் மேரி. 1482இல் குதிரையிலிருந்து வீழ்ந்து தாய் இறந்தார். அவ்வாண்டு இறுதியில் பிரான்சுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி, பிரெஞ்சு இளவரசர் சார்லசுக்கு மணமகளாக மூன்று வயதுக் குழந்தை பிரான்சிற்கு அனுப்பப்பெற்றது. அங்கே அவர் வருங்கால அரசியாகவே வளர்க்கப்பெற்றார். மொழியும் கவிதையும் பழக்கமும் பிரெஞ்சாயின. ஆனால் 1491இல் சார்லஸ் பிரிட்டனி நாட்டின் ஆன் என்பாரை மணந்துகொண்டார். பதினொரு வயதில் தம்மவர் எனக் கருதியிருந்தோரால் கைவிடப்பெற்ற மார்கரெட், இரண்டாண்டுகள் பிணையாள்போல் காத்திருந்து, 1493இல்தான் தாயகம் திரும்பினார்.

அடுத்த மணம் ஸ்பெயின் நாட்டு இளவரசர் உவானுடன் உறுதியாயிற்று. 1497இல் மணமகளை ஏற்றிச் சென்ற கப்பல் பெரும்புயலில் சிக்கியது. பிழைப்போம் என்ற உறுதியற்ற அந்த நேரத்தில், தம் கல்லறைக்குரிய வரிகளைத் தாமே நகைச்சுவை தோன்ற எழுதினார் என்பது அவர் வாழ்வில் பெரிதும் பேசப்பெறும் செய்தியாகும். அவ்வாண்டு ஏப்ரலில் திருமணம் நடந்தது. அக்டோபரில் உவான் இறந்தார். வயிற்றிலிருந்த குழந்தையும் உயிரின்றிப் பிறந்தது.

1501இல் சவாய் நாட்டுக் கோமகன் பிலிபெர்ட்டை மணந்தார். மூன்றாண்டுகளே நீடித்த இவ்வாழ்வுதான் அவர் கண்ட இன்பக் காலம். 1504 செப்டம்பரில் வேட்டைக்குச் சென்று திரும்பிய பிலிபெர்ட் நோயுற்று மறைந்தார். இருபத்து நான்கு வயதில் மீண்டும் கைம்மை எய்திய மார்கரெட், அதன்பின் எவரையும் மணக்க இசையவில்லை. தந்தையின் வற்புறுத்தலும் பலிக்கவில்லை. இரண்டாண்டுகளில் ஒரே உடன்பிறப்பான பிலிப்பும் ஸ்பெயினில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற குழந்தைகளை வளர்க்கும் கடமையும், நெதர்லாந்து நாடுகளை ஆளும் பொறுப்பும் 1507இல் மார்கரெட்டின் தோள்மீது விழுந்தன.

மெக்கலன் நகரில் அவர் அமைத்த அவை, ஓவியரும் புலவரும் இசைவாணரும் கூடும் இடமாயிற்று. குழந்தைகளுக்கு இசை பயிற்றியவர் ஆர்கன் வாசிப்பில் வல்ல ஹென்றி பிரெடமெர்ஸ். இசைக்குழுவில் தலைசிறந்தவர் பியேர் டி லா ரூ. பிலிப்பிடம் பணியாற்றி, ஸ்பெயின்வரை உடன்சென்று, அவர் மறைவுக்குப்பின் 1508இல் திரும்பியவர் இவர். அண்ணனை இழந்த தங்கையும் ஆண்டவனை இழந்த இசைவாணரும் ஒரே இழப்பைப் பகிர்ந்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது. ஆழ்ந்த கீழ்க்குரலை விரும்பி ஆண்ட லா ரூவின் பல்குரல் இசை, இத்துயருக்கு இயல்பாகவே பொருந்திற்று.

அக்காலத்துச் சுவடிக்கலையில் புகழ்பெற்றது பெட்ரஸ் அலாமிரேயின் எழுதுகூடம். சுரப் பெயர்களையே தம் பெயராக்கிக்கொண்டவர் அவர். அக்கூடத்தில் உருவான மார்கரெட்டின் ஏட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. மிகுதியானவை லா ரூ இயற்றியவை. முதல் பாடல் ஆறு குரல்களில் அமைந்த மரியன்னை வணக்கம். மூன்று குரல்கள் எழுதப்பெற, ஏனைய மூன்றும் அவற்றையே சற்றுப் பின்தொடர்ந்து பாட வேண்டும். அத்தொடக்கப் பக்கங்களில் மரியன்னையை நோக்கி மார்கரெட் மண்டியிட்டு வணங்கும் ஓவியம் தீட்டப்பெற்றுள்ளது.

வணக்கத்தைத் தொடர்ந்து வருவன பெரும்பாலும் ஏக்கப் பாடல்கள். பிரிவாற்றாமையைப் பாடும் இவ்வகை பிரெஞ்சு அவைகளில் அப்போது பெருவழக்காயிருந்தது. எனவே, மரபாகிவிட்ட துயரைத் தனியொருவர் துயராகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடை ஏட்டிலேயே உள்ளது. மார்கரெட் இயற்றியனவாகக் கருதப்பெறும் கவிதைகள் அதில் இசையமைக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று பிலிப்பின் மறைவைக் குறித்த கையறுநிலைப் பாடல். அதில் பிரெஞ்சும் இலத்தீனும் ஒருங்கே ஒலிக்கின்றன: தங்கையின் பெருமூச்சு ஒரு மொழியில், அரசகுமாரனின் மறைவு மற்றொரு மொழியில். உடன்பிறப்பென அழைத்துத் தோழன் யோனத்தானுக்காகத் தாவீது புலம்பும் விவிலியப் பகுதிக்கு லா ரூ அமைத்த இசையும் இவ்வேட்டில் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. பொதுமரபு என்னும் கலத்தில் அவர் வார்த்தது தம் சொந்தக் கண்ணீரையே.

எனினும் அவரை அழுதுகொண்டேயிருந்த பெண்ணாகக் கருதுதல் பொருந்தாது. அவர் வளர்த்த பச்சைக்கிளியை நாய் கொன்றபோது, அவைப்புலவர் ழான் லெமேர், தலைவியின் பிரிவைத் தாளாது உயிர்விட்ட காதலனாக அக்கிளியைப் பாடினார். அக்கிளியின் கல்லறைப் பாடலும் இசையோடு இவ்வேட்டில் உள்ளது. இனிமையாகப் பேசும் ஆடவர்க்கு இனிய சொல்லையே விலையாகக் கொடுங்கள். அதற்குமேல் கொடாதீர்கள் என்னும் கருத்தில், தம் அவைப் பெண்களை எச்சரித்தும் அவர் கவிதை எழுதினார்.

1515இல் தாம் வளர்த்த சார்லசே உரிய வயதெய்தியவராக அறிவிக்கப்பெற்று ஆட்சியை ஏற்றபோது, மார்கரெட் ஒதுக்கப்பெற்றார். மறு ஆண்டு லா ரூ ஓய்வு பெற்றார்; 1518இல் கோர்ட்ரைக் நகரில் மறைந்தார். 1519க்குள் சார்லஸ் தம் அத்தையின் அருமையை உணர்ந்து மீண்டும் பொறுப்பளித்தார். 1529இல் காம்ப்ரே நகரில், அடுத்தடுத்த இரு மாளிகைகளில் தங்கி, பிரெஞ்சு மன்னரின் தாயான சவாயின் லூயிசுடன் பேசி மார்கரெட் போரை நிறுத்தினார். லூயிஸ், பிலிபெர்ட்டின் உடன்பிறந்தவர். பிரெஞ்சு அவையில் சிறுமியாய் இருந்த காலத்திலேயே அறிமுகமானவர். மகளிர் அமைதி என வரலாறு இதனைக் குறிக்கிறது. தம்மைக் கைவிட்ட நாட்டுடன் அமைதி காண்பதில் பழைய காயம் அவருக்குத் தடையாகவில்லை.

1530 டிசம்பர் முதல் நாள், காலில் ஏற்பட்ட அழுகலால் மார்கரெட் மறைந்தார். இறுதி மடலிலும் பிரான்சுடனும் இங்கிலாந்துடனும் அமைதி காக்குமாறே சார்லசை வேண்டினார். பிலிபெர்ட்டுக்காகத் தாம் எழுப்பிய புரூ தேவாலயத்தில், கணவர் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அக்கல்லறையில் அவருக்கு இரு உருவங்கள் உண்டு: மேலே அரசியல் அணிகளோடு ஆட்சியாளர், கீழே கூந்தல் அவிழ்ந்த இளம்பெண்.

கல்லில் இவ்வாறு மேலும் கீழுமாய்ப் பிரிந்து கிடக்கும் இருவரும் இசையேட்டில் ஒருவரே. அங்கே நாட்டின் குரலும் நெஞ்சின் குரலும் ஒன்றையொன்று அடக்காமல் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. துயரைப் பாடலிடம் ஒப்படைத்ததனால்தான் அவரால் அதைப் பகையாக வளர்க்காமல் இருக்க முடிந்தது போலும்.