பாட்டு பாடினால் ஜெயில்: யார் இந்த விஸ்வநாததாஸ்?

முருகன் வேஷத்தில் ஒருவர் மேடையில் பாடுகிறார். அவரைக் கைது செய்ய போலீஸ் கீழே காத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் விஸ்வநாததாஸ் நடித்த ஊர்களில் இது வழக்கமான காட்சி.

1886-ல் சிவகாசியில், முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். பிறகு திருமங்கலத்தில் குடியேறினார். அவர் நடித்ததெல்லாம் பெரும்பாலும் புராண நாடகம்தான். அதில் அரசியல் எப்படி வந்தது?

அங்கதான் விஷயமே. அந்தக் காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' இன்றைய டிராமா மாதிரி கிடையாது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ந்து நடிப்பார்கள். ஒத்திகை இல்லை. கதை ஜனங்களுக்கே மனப்பாடம். நடுவில் எந்தப் பாட்டை நுழைப்பது என்பது நடிகரின் இஷ்டம். நாடகத்தைத் தடை செய்ய 1876-லேயே சட்டம் இருந்தது. ஆனால் வள்ளி கல்யாணக் கதையில் எதைத் தடை செய்வது?

வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி வரும். அங்கே ஒரு வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாட்டு. கொக்கு யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, கொட்டகையே அதிரும். ஜாலியன்வாலா பாக் படுகொலையும் பாட்டாக மேடை ஏறியது. பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதுதான் நியூஸ். முருகனே கதர் கட்டி வந்து நின்றால், கதர் கட்டச் சொல்லித் தனியாகப் பிரசங்கம் எதற்கு?

விலை பெரியது. பல முறை ஜெயில், கூடவே கடன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாதியைக் காரணம் காட்டி, சில நடிகைகள் அவருக்கு ஜோடியாக நடிக்க மறுத்தார்கள். விடுதலைப் பாட்டுக்குக் கைதட்டிய அதே ஊர்களில்தான் இதுவும் நடந்தது. சுதந்திரப் போராட்டக் கதைகளில் இந்தப் பக்கத்தை நாம் சுலபமாகத் தாண்டிவிடுகிறோம்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. மயில் மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. முருகன் கோலத்திலேயே இறுதி ஊர்வலம் போனது. திருமங்கலத்தில் இன்று அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.