ஆர். நடராஜ முதலியார்

தமிழ்நாட்டில் இன்று சினிமாவை அறியாதார் இலர். பட்டினமாயினும் பட்டியாயினும் நடிகர்தம் பெயர்கள் சிறு பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கின்றன. ஆயினும், தென்னாட்டிலே கதைப்படம் ஒன்றை முதன்முதல் எடுத்து முடித்த ஸ்ரீமான் ஆர். நடராஜ முதலியாரின் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே. அவர்தம் வரலாற்றை நம் மாணவ நண்பர்களுக்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலியார் 1885-ஆம் ஆண்டில் வேலூரிற் பிறந்தார். சென்னை வந்து முதலில் சைக்கிள் வியாபாரமும், பின்னர் மோட்டார் வண்டி வியாபாரமும் நடத்திப் பொருளீட்டினார். தொழில் செவ்வையாகவே நடந்தது. அதை விடுத்து வேறொன்றை நாடவேண்டிய நிர்ப்பந்தம் யாதும் இல்லை. அக்காலத்தில் தாதா சாகேப் பால்கே என்பார் பம்பாயில் 1913-இல் வெளியிட்ட அரிச்சந்திரன் கதையும், அதன்பின் வந்த அவருடைய புராணப் படங்களும் மக்களைப் பெரிதும் கவர்ந்தன. பிறர் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பினர். முதலியாரோ அதனைச் செய்யும் வகை யாதென ஆராயத் தலைப்பட்டார். ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரைப் பூனாவில் அடுத்துக் காமிராவைக் கையாளும் முறையைக் கற்றார். முப்பது வயதைக் கடந்த ஒரு வியாபாரி மீண்டும் மாணாக்கராயிருந்து தொழில் பயில்வது எளிய காரியம் அன்று.

பின்னர்த் தஞ்சையைச் சார்ந்த செல்வர் மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்ஸன் காமிராவையும் பிரதி எடுக்கும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். 1917-இல் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனியின் படப்பிடிப்பு நிலையத்தைப் பெரிய மாளிகை என்று எண்ணற்க. மின்விளக்குகளின் துணை அங்கு இல்லை. கதிரவன் ஒருவனே விளக்கு. சென்னை வெயில் நேரே முகத்தில் விழுந்தால் கண்குழியும் மூக்கின் கீழும் கருநிழல் படியும். ஆதலின் மேலே வெண்துணியை விதானமாகக் கட்டி, வெயிலின் கடுமையைத் தணித்து, அதன்கீழ் நடிகரை நிறுத்தினர். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். அக்காலத்துப் படச்சுருளோ செந்நிறத்தை உணராதது. சிவந்த பட்டாடை அதிற் கரியதாகவும், நீலவானம் வெறும் வெண்மையாகவும் பதியும். இவ்வளவையும் கண்ணால் மதிப்பிட்டுக் கொண்டு, காமிராவின் கைப்பிடியை ஒரே சீராகக் கையாற் சுற்றவேண்டும். கை சற்றுத் தளர்ந்தால் திரையில் நடிகர் ஓட்டமாய் ஓடுவர்.

இந்நாளில் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களில் வாழும் இளைஞர், விளக்கு வாடகைக்குப் பொருளின்றி, கைப்பேசி ஒன்றைக் கொண்டே அந்தி வெயிலிற் குறும்படம் எடுத்துவிடலாம். எடுத்ததை அக்கணமே பார்த்துத் திருத்தியும் கொள்ளலாம். முதலியாருக்கு அவ்வசதி இல்லை. சென்னை வெப்பம் படச்சுருளைக் கழுவும் இரசாயன வேலைக்கு ஒவ்வாமையால், குளிர்ந்த பெங்களூரில் அதற்கென ஓரிடம் அமைத்திருந்தார். அங்கே கழுவிப் பார்க்கும்வரை, எடுத்தது தேறுமோ தேறாதோ என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கியிராது.

இவ்வாறு முப்பத்தைந்து நாட்களில் கீசகவதம் எடுக்கப்பட்டது. ரங்கவடிவேலு என்பார் கதையமைப்புக்கு உதவினார். ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். படத்தின் நீளம் 6,000 அடி. ஓரடிக்குப் பதினாறு படங்கள் வீதம் நொடிக்கு ஓரடி ஓடும் என்று கொண்டால், ஏறக்குறைய நூறு நிமிஷம் ஆகின்றது. செலவு 35,000 ரூபாய். சென்னை எல்பின்ஸ்டன் கொட்டகையிலும், பின்பு பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிலும் காட்டப்பெற்று 50,000 ரூபாய் ஈட்டிற்று. ஊமைப்படம் ஆதலின் இடையிடையே எழுத்தட்டைகள் தோன்றும். அவற்றின் ஹிந்தி வாசகங்களை எழுதியவர் காந்தியடிகளின் புதல்வர் தேவதாஸ் காந்தி என்பது நம்மிற் பலருக்கும் புதிய செய்தியாயிருக்கும்.

பீமன் கீசகனை மாய்த்தது நள்ளிரவில், இருள் சூழ்ந்த நடனசாலையில் என்று பாரதம் கூறும். வெயிலை அன்றி வேறு ஒளி இல்லாதவர் தம் முதற் படத்துக்கு இக்கதையைத் தேர்ந்தது அவரது துணிவையே காட்டுகின்றது என்பது நம் கருத்து.

அடுத்துத் திரௌபதி வஸ்திராபஹரணம் எடுத்தபோது, பெண்கள் நடிக்க முன்வர அஞ்சிய காலமாதலால், மரியன் ஹில் என்னும் ஆங்கிலோ இந்திய மாதைத் திரௌபதியாக்கினார். லவகுசா, மார்க்கண்டேயன், மயில்ராவணன் முதலிய படங்களும் தொடர்ந்து வந்தன.

1923-இல் இடி விழுந்தாற்போலத் துன்பங்கள் நேர்ந்தன. படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாயிற்று. அவர்தம் மகனும் இறந்தான். கருவிகளை மீண்டும் வாங்கியிருக்கலாம். கற்ற வித்தையும் கையில் இருந்தது. ஆயினும் முதலியார் அத்துடன் படத்தொழிலை விட்டொழிந்தார். அதன்பின் தமிழ்ப் படங்கள் 1931-இல் பேசவும் பாடவும் தொடங்கின. பெரிய ஸ்டூடியோக்கள் எழுந்தன. ஆயிரம் விளக்குகளின் ஒளியிற் காட்சிகள் எடுக்கப்பட்டன. அவை யாவற்றிலும் அவர் பங்கு கொள்ளவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து, 1971-இல் காலமானார்.

தென்னாட்டு ஊமைப்படங்களுள் 1933-இல் வெளிவந்த மார்த்தாண்ட வர்மா இன்றும் காணக் கிடைக்கின்றது. கீசகவதத்தின் சுருள் ஓரடியேனும் எஞ்சவில்லை. பகல் வெயிலைக் கொண்டு அவர் அந்த நள்ளிரவை எவ்வாறு படைத்தார் என்பதைக் காணும் பேறு இனி எவருக்கும் இல்லை.