அல்போன்சோ கோர்ட்டி

அல்போன்சோ கோர்ட்டி (1822 – 1876) இத்தாலி நாட்டைச் சேர்ந்த உடற்கூற்றியல் அறிஞர் ஆவார். பாலூட்டிகளின் உட்செவியை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, ஒலியை உணரும் உறுப்பை விரிவாக விளக்கியவர். அவ்வுறுப்பு இவர் பெயரால் கோர்ட்டி உறுப்பு எனப்படுகிறது. அதே ஆய்வில் இவர் விளக்கிய குருதிக்குழல் பட்டை அத்தனை புகழ் பெறவில்லை. ஆயினும் செவிப்புலன் இழப்பு பற்றிய இன்றைய ஆய்வுகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

வாழ்க்கை

வட இத்தாலியில் பாவியா நகருக்கு அருகிலுள்ள கம்பரானா என்னும் ஊரில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். பாவியாவில் மருத்துவம் பயிலத் தொடங்கி, பின்னர் வியன்னா சென்று ஜோசப் ஹிர்ட்டிலின் உடற்கூற்றியல் கூடத்தில் பணிபுரிந்தார். 1847 இல் பட்டம் பெற்றார். பட்டத்திற்காக இவர் ஆராய்ந்தது உடும்பு இனம் ஒன்றின் குருதிக்குழல் தொகுதி. இப்பயிற்சி பின்னாளில் இவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். 1848 இல் வியன்னாவில் புரட்சி வெடித்தபின் அந்நகரை விட்டு வெளியேறினார்.

உட்செவி ஆய்வு

செருமனியின் வூர்ட்சுபர்க் நகரில் ஆல்பர்ட் கோலிக்கரின் ஆய்வகத்தில் செவியை ஆராயத் தொடங்கினார். நத்தை ஓடு போன்று சுருண்ட காக்ளியா மிகக் கடினமான எலும்புக்குள் பொதிந்துள்ளது. அதனுள்ளிருக்கும் மென்திசுக்களோ இறப்பிற்குப்பின் விரைவில் சிதைந்துவிடும். அவற்றைக் கெடாமல் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. மனிதர், விலங்குகள் ஆகியோரின் ஏறத்தாழ 200 காக்ளியாக்களை இவர் ஆராய்ந்தார். திசுக்களைத் தெளிவாகக் காண, கார்மைன் என்னும் செந்நிறச் சாயத்தைப் பயன்படுத்தினார். முடிவுகளை 1851 இல் செருமானிய விலங்கியல் இதழொன்றில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். கோர்ட்டி உறுப்பு என்னும் பெயரைச் சூட்டியவர் கோலிக்கர்.

அதே ஆண்டில் தந்தை இறந்தார். குடும்பச் சொத்தும் பட்டமும் இவரை வந்தடைந்தன. அத்துடன் ஆய்வு வாழ்க்கை முடிவுற்றது. அப்போது இவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. 1855 இல் திருமணம் செய்துகொண்டார். 1861 இல் மனைவி இறக்க, இரு குழந்தைகளையும் தாமே வளர்த்தார். கடும் மூட்டுவாத நோயால் நெடுங்காலம் துன்புற்று, 1876 இல் கோர்வினோ சான் குயிரிகோ என்னும் ஊரில் காலமானார்.

குருதிக்குழல் பட்டை

காக்ளியாவின் வெளிச்சுவரில் அமைந்துள்ள இப்பட்டை ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் எனப்படுகிறது. மேற்படலத் திசுக்களுக்குள் பொதுவாகக் குருதிக்குழல்கள் இரா. இதில் நுண்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. உட்செவி நீர்மத்திற்குப் பொட்டாசியம் அளிப்பதும், அங்கு ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவதும் இதன் பணி. பேட்டரி தீர்ந்த கருவி போல, இம்மின்னழுத்தம் குறைந்தால் மயிர்க்கலங்கள் பழுதின்றி இருந்தாலும் கேட்கும் திறன் குன்றும். முதுமையில் இப்பட்டை மெலிவது செவித்திறன் குறைவின் காரணங்களுள் ஒன்று.

இந்நுண்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களும், அவற்றை வெளியிலிருந்து தழுவி நிற்கும் பெரிசைட் உயிரணுக்களும் குருதியிலுள்ள வேண்டாத பொருள்கள் உட்செவிக்குள் புகாமல் தடுக்கின்றன. பேரிரைச்சலுக்கு உள்ளான விலங்குகளில் பெரிசைட்டுகள் குழாய்ச் சுவரிலிருந்து விலகுவதும், குழாய்களில் கசிவு ஏற்படுவதும் கண்டறியப்பட்டுள்ளன. சுண்டெலிகளின் பட்டையிலிருந்து இவ்விருவகை உயிரணுக்களையும் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து ஆராய்கின்றனர்.