உயரம் மட்டும் போதுமா? – ஜார்ஜ் மைக்கன் வாழ்க்கை

கூடைப்பந்தாட்டத்தில் கூடை தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே நெட்டையான இளைஞன் ஒருவனைக் கண்டதும், இவன் இந்த ஆட்டம் ஆடினால் எப்படி இருக்கும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால், இந்த ஆட்டத்தில் மிகக் கடினமான கணிப்பும் அதுவே. பதினெட்டு வயதில் கால் இடறி, கை தடுமாறி நிற்கும் நெடிய பையன் ஒருவன் நான்கு ஆண்டுகளில் என்னவாக வளர்வான் என்று எப்படிச் சொல்வது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பிற்பாடு பாராட்டப்பெற்ற ஒருவரையே, வேண்டாம் என்று திருப்பியனுப்பினார் ஒரு பயிற்சியாளர். அப்படித் திரும்பியவரின் பெயர் ஜார்ஜ் மைக்கன்.

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு அருகேயுள்ள ஜோலியட் நகரில், 1924ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18ஆம் நாள் மைக்கன் பிறந்தார். குரோவேசிய வழிவந்த குடும்பம். சிறுவயதில் முழங்கால் எலும்பு நொறுங்கி ஒன்றரை ஆண்டுக் காலம் படுக்கையில் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னரோ, வளர்ச்சி நிற்கவில்லை. வகுப்பில் எல்லாரையும் விடத் தலை உயர்ந்து நின்றதை அவர் பெருமையாகக் கருதவில்லை, வெட்கப்பட்டார். தோளைக் குறுக்கி, முதுகைக் கூனி நடந்தார். பாதிரியார் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு சிகாகோவிலுள்ள சமயப் பயிற்சிப் பள்ளியிலும் சில காலம் பயின்றார்.

கிட்டப்பார்வையும் சேர்ந்துகொண்டது. பள்ளி அணியில் சேர வந்தபோது, அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கவனித்த ஆசிரியர், மூக்குக்கண்ணாடி போடுகிறவன் இந்த ஆட்டம் ஆட முடியாது என்று கூறிச் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதுதான் அவர் சந்தித்த முதல் கணிப்பு.

இரண்டாவது கணிப்பு நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜார்ஜ் கியோகன். அவரை ஏதோ அறியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் இன்றும் இடம்பெற்றிருக்கும் பெரும் பயிற்சியாளர் அவர். மைக்கன் ஓடுவதையும், பந்தைப் பிடிக்கத் திணறுவதையும் பார்த்தார். மிகவும் மந்தம், படிப்பில் கவனம் செலுத்தட்டும் என்று அனுப்பிவிட்டார். அன்று மைக்கனின் பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது என்பது கியோகனுக்குத் தெரியாது. அவர் கண்டது பொய்யன்று. கண்முன் நின்ற இளைஞன் உண்மையாகவே தடுமாறினான். ஆனால் அவன் ஏன் தடுமாறுகிறான் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. தவறு அங்கேதான் நேர்ந்தது என்பது என் எண்ணம்.

சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்தில் 1942ஆம் ஆண்டு ரே மேயர் என்பவர் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. கையில் கிடைத்ததோ 6 அடி 10 அங்குல உயரமும், தடித்த கண்ணாடியும், கூச்சமும் கொண்ட மைக்கன். அக்காலத்தில் இவ்வளவு நெட்டையானவர்களால் வேகமாக ஆட முடியாது என்பது பொதுவான நம்பிக்கை. மேயர் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. உயரம் பிறப்போடு வருவது, கால் வேகமும் கைத்திறனும் பழக்கத்தால் வருவன என்று கணக்குப் போட்டார்.

அவர் கொடுத்த பயிற்சி விந்தையானது. கயிறு தாண்டச் சொன்னார். எதிராளி இல்லாமலே குத்துச்சண்டை போடச் சொன்னார். கால்கள் இலகுவாக நகர வேண்டும் என்பதற்காக நடனம் கற்கவும் ஏற்பாடு செய்தார்! குள்ளமான, விரைவாக ஓடக்கூடிய ஆட்டக்காரர் ஒருவரைத் தனியாக எதிரே நிறுத்தி, அவரைத் தடுக்கப் பழக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயிற்சி உண்டு. கூடையின் கீழே நின்று, வலப்பக்கமிருந்து வலக்கையால் பந்தைப் போட வேண்டும்; அது தரையைத் தொடுமுன் பிடித்து, இடப்பக்கம் ஓரடி வைத்து, இடக்கையால் போட வேண்டும்; மறுபடி வலம், மறுபடி இடம், ஓய்வில்லாமல். எளிதாகத் தோன்றும், இரண்டு நிமிடம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தோள்வலி தெரியும். இன்றும் உலகெங்கும் அப்பயிற்சிக்கு மைக்கனின் பெயரே வழங்குகிறது. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையைத் தலைக்குமேல் வளைத்துப் போடும் ஹூக் ஷாட்டையும் இரு கைகளாலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மேயர் நடத்தியது ஒருவகையில் தேர்வும் ஆகும். சலிப்பூட்டும் ஒரே வேலையை மறுநாளும் வந்து செய்கிறவனா என்பதையே அந்த மாதங்கள் சோதித்தன. மைக்கன் மறுநாளும் வந்தார்.

பயன் விரைவில் தெரிந்தது. கூடைக்குள் இறங்கவிருக்கும் பந்தை மேலேயே தட்டிவிடும் அவருடைய ஆற்றலை எதிரணிகளால் தாங்க இயலவில்லை. அவரையும், ஓக்லஹோமாவின் நெட்டையரான பாப் கர்லண்டையும் மனத்தில் வைத்து, கீழிறங்கும் பந்தைத் தொடக் கூடாது என்று கல்லூரி ஆட்டங்களில் 1944இல் விதி செய்தனர். அதற்கு மறு ஆண்டு, நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியின் அரையிறுதியில் ரோட் ஐலண்ட் அணி முழுவதும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 53. மைக்கன் ஒருவரே எடுத்தவையும் 53. கோப்பை டீபாலுக்கே.

1946இல் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் என்னும் அணியில் சேர்ந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அந்த அணி 1947இல் வாகை சூடியது. உடனே அதன் உரிமையாளர் பேராசையால் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார். அது சில வாரங்களிலேயே கவிழ்ந்தது. சிதறிய ஆட்டக்காரர்களைப் பிற அணிகளுக்குப் பங்கிட்டபோது, முதல் வாய்ப்பு மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கிடைத்தது. காரணம் வேடிக்கையானது. அதற்கு முந்தைய பருவத்தில் 4 ஆட்டங்களில் மட்டும் வென்று, 40இல் தோற்ற டெட்ராய்ட் அணியின் உரிமையை அவர்கள் விலைக்கு வாங்கியிருந்தனர்! கடைசியில் நின்ற அணிக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை.

ஜான் குண்ட்லா என்பவரின் பயிற்சியில் லேக்கர்ஸ் 1948, 1949, 1950, 1952, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. 1949 இறுதிப் போட்டியில் மணிக்கட்டு எலும்பு முறிந்தும், மாவுக்கட்டோடு ஆடினார் மைக்கன்.

அவரை அடக்க ஆட்டமே மாற வேண்டியதாயிற்று. 1950 நவம்பர் 22 அன்று, போர்ட் வெய்ன் அணி பந்தை அவர் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டே பொழுது கழித்து, 19–18 என்று வென்றது. லேக்கர்ஸின் 18இல் 15 மைக்கனுடையவை. இத்தகைய சலிப்பான ஆட்டங்களை ஒழிக்கவே 1954இல் 24 விநாடி விதி வந்தது. 1951இல் கூடைக்கு முன்னுள்ள தடத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தி, அவரைத் தள்ளி நிற்க வைத்தனர். ஆட்டத்துக்கு 28.4 என்றிருந்த அவரது சராசரி 23.8 ஆகக் குறைந்தது; ஆயினும் அடுத்த மூன்று பட்டங்களும் அவர் அணிக்கே வந்தன.

அவருக்கு எதிரே நின்றவர்களில் பலர் அவரைவிட மிகவும் குட்டையானவர்கள். கறுப்பினத்தவருக்கு அச்சங்கத்தின் கதவு 1950இல்தான் திறந்தது. எனவே பிற்காலத்து பில் ரசல், வில்ட் சேம்பர்லின் ஆகியோரோடு அவரை எண்ணிக்கையால் ஒப்பிடுவது பொருந்தாது. நெடியவனாலும் ஆட முடியும் என்று முதலில் காட்டியவர் என்பதே அவருக்குரிய இடம்.

1954இல் ஓய்வு பெற்று, 1955–56 பருவத்தில் மீண்டும் வந்து ஆடினார். பழைய வேகம் இல்லை. சட்டம் பயின்றவர் ஆதலால் வழக்கறிஞர் தொழில் கைகொடுத்தது. 1957இல் லேக்கர்ஸின் பயிற்சியாளராக அமர்ந்தபோது 9 வெற்றி, 30 தோல்வி. பருவம் முடியுமுன்னரே விலகினார். தான் செய்த பயிற்சியைப் பிறரிடம் கண்டு வளர்க்கும் கண் வேறு போலும். அந்தக் கண் வாய்த்த மேயரோ 1984 வரை, 42 ஆண்டுகள் டீபாலிலேயே பணியாற்றினார்.

1967இல் தொடங்கிய அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் முதல் ஆணையராக இருந்தபோது, தொலைவிலிருந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி என்னும் விதியை மைக்கன் கொண்டுவந்தார். குட்டையானவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்றவர், கூடையின் கீழே நின்று ஆண்ட நெட்டையர்!

முதுமை கொடியதாக அமைந்தது. நீரிழிவு நோயால் 2000ஆம் ஆண்டு ஒரு காலை இழந்தார், சிறுநீரகமும் கெட்டது. 1965க்கு முன் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் மிகச் சொற்பம். அதை உயர்த்துமாறு படுக்கையிலிருந்தபடியே போராடினார். 2005 ஜூன் 1ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில் காலமானார். இறுதிச் சடங்கின் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக முன்வந்தவர், அப்போது மயாமி அணியில் ஆடிக்கொண்டிருந்த, 7 அடிக்கு மேல் உயரமுள்ள ஷகீல் ஓ'நீல்.