விடுதலையைப் பாடிய அடிமை

மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த பிலிஸ் வீட்லி, 1761இல் ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுமியாகப் பாஸ்டன் நகரில் அடிமையாய் விற்கப்பட்டார். ஏற்றி வந்த கப்பலின் பெயரும் வாங்கியவரின் குடும்பப் பெயருமே அவர் பெயராயின. அவ்வீட்டில் ஆங்கிலமும் இலத்தீனும் கற்றுக் கவிஞரானார். 1773இல் இலண்டனில் அவரது கவிதை நூல் வெளிவந்தது. அதன் பின்னரே தளை நீங்கிற்று.

1775இல் புரட்சிப் படைத்தலைவர் வாஷிங்டனைப் பாடினார். அவரும் பாராட்டி மடல் வரைந்தார். மாந்தர் யாவரும் நிகர் என 1776இல் அமெரிக்கா பறைசாற்றிற்று. ஆயினும், 1779இல் அவர் இரண்டாம் தொகுதிக்கு முன்பதிவு வேண்டியபோது போதிய ஆதரவு கிட்டவில்லை. 1784இல் புதிய நாட்டின் வெற்றியைப் பாடியவர், அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் வறுமையில் மறைந்தார்.

நாடு முழுதும் அடிமைமுறை ஒழிய மேலும் 81 ஆண்டுகள் ஆயின. அத்தொகுதியின் கையெழுத்துப் படி இன்றளவும் கிடைக்கவில்லை.